வரிசைத் தட்டில் இருபத்தாறு கைபேசிகள்

போன வாரம் ஷர்மிளா போன் செய்தார். பெரம்பலூரில் நான் இருபத்திரண்டு வருடம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்த ஓட்டலுக்கு இப்போது அவர்தான் மேலாளர். நான் இருந்த காலத்தில் அறைகளைச் சுத்தம் பார்க்கும் பொறுப்பில் இருந்தார். என்னைப் பற்றி அவருக்குத் தெரியாத அவமானம் எதுவும் கிடையாது.

“சார், ரூமுக்குள்ள வர்ற நெட்டுக்குத் தனியாக் காசு போடலாமான்னு சின்ன முதலாளி கேக்குறாரு. மெதுவா வந்தாப் போதும்னா சும்மா. வேகமா வேணும்னா காசு. நீங்க என்ன சொல்றீங்க?”

“என்னை ஏம்மா கேக்குற? நான் ரிட்டயர்டு ஆளு.”

“இந்த விஷயத்துல உங்க அளவுக்கு அடிபட்டவங்க இந்த ஊர்ல வேற யாரும் இல்லையே சார்.”

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டது அரியலூரில் என் வீடு வரைக்கும் கேட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசிக்க உட்கார்ந்தவன் எழுதத் தொடங்கிவிட்டேன்.

ரிட்டயர்டு என்றதும் ஊன்றுகோலோடு ஒருவரைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். எனக்கு ஐம்பத்தாறுதான். அப்போது லிஃப்ட் இல்லாத மூன்று மாடிக் கட்டடத்தில் ஏறி இறங்கி, முழங்கால்கள் இரண்டும் எனக்கு முன்பாக ராஜினாமா எழுதிவிட்டன. நான் அதில் கையெழுத்துப் போட்டேன், அவ்வளவுதான். இப்போது காலையில் செய்தித்தாள், பகலில் தூக்கம், மாலையில் மனைவியின் திருத்தங்கள். குறை ஒன்றும் இல்லை.

வேலை கற்றது அரியலூர் ரயிலடிப் பக்கம் ஒரு லாட்ஜில். சிமெண்ட் ஆலைகளில் இயந்திரம் மாட்ட வருகிறவர்கள்தான் அங்கே விருந்தினர்கள். சாயங்காலம் திரும்பும்போது புருவம் வரை வெள்ளையாக வருவார்கள். காலையில் போனவர் யார், வந்தவர் யார் என்று பையைப் பார்த்துத்தான் சாவி கொடுப்பேன். மூன்று வருடம் அங்கே இருந்ததில் தொழிலைக் கற்றேனோ இல்லையோ, என்னைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொண்டேன். பதற்றம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும். எனக்கு ஜோக் வரும். பதற்றம் கூடக் கூட ஜோக் மட்டமாகும். நான் மிகவும் மட்டமான ஜோக் சொல்கிறேன் என்றால் பக்கத்தில் எங்கோ தீப்பிடித்திருக்கிறது என்று பொருள்.

பிறகு பெரம்பலூர் வந்தேன். புது பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஓட்டல். முதலாளியின் பெயர் சிதம்பரம். அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, மெல்லிய குரல். ஒரு நாளும் யாரையும் திட்டமாட்டார். தப்பு நடந்தால் கூப்பிட்டு எதிரில் உட்கார வைப்பார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் ஒரு பக்கம் துடைப்பார். “சொல்லுங்க” என்பார். நாம் சொல்லி முடித்ததும், “அப்புறம்?” என்பார். இன்னும் கொஞ்சம் சொல்வோம். கண்ணாடியின் அடுத்த பக்கம். “அப்புறம்?” மூன்றாவது “அப்புறம்”க்குள் நாம் சொல்ல நினைக்காததெல்லாம் மேசைமேல் வந்து விழுந்திருக்கும். திட்டிவிட்டாலாவது நிம்மதியாக அரியலூர் பஸ் ஏறலாம். அந்த “அப்புறம்” வீடு வரைக்கும் கூடவே வரும். அதைக் கேட்காமல் இருப்பதற்காக நான் எத்தனையோ விஷயங்களைத் தள்ளிப்போட்டிருக்கிறேன். நடந்ததற்கெல்லாம் காரணம் அந்தத் தள்ளிப்போடல்தான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஓட்டலுக்கு இன்டர்நெட் வந்த புதிதில் அறைகளில் சும்மாதான் விட்டோம். ஒரே ஒரு லைன். காற்றாலைக்கு ஆள் வந்தார்கள், மூன்று பேர், பத்து நாள் தங்கினார்கள். மூன்று பேரும் படம் படமாக இறக்கினார்கள். அதே நேரத்தில் பாடாலூரில் நிலம் பார்க்க வந்த ஒருவர், பத்திரத்தின் நகலை வங்கிக்கு அனுப்ப முடியாமல் அரை நாள் என் மேசை முன்னால் நின்றார். முதலாளி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் சொன்னார்:

“சும்மா குடுத்தா வேலையில்லாதவன் எடுத்துக்கறான். வேலை உள்ளவனுக்குக் கிடைக்கல. கூப்பன் போடுங்க.”

அப்படித்தான் கூப்பன் வந்தது. விசிட்டிங் கார்டில் பாதி அளவுச் சீட்டு. அதில் ஒரு எண்ணும் ஒரு கடவுச்சொல்லும் இருக்கும். அடித்ததிலிருந்து சரியாக ஒரு மணி நேரம், பிறகு தானாக அறுந்துவிடும். விலை, ஒரு டீயும் இரண்டு வடையும் சாப்பிடுகிற காசு. முதலாளி இருபது கூப்பன் கொண்ட கட்டாகத் தருவார். தீர்ந்ததும் அவர் அறைக்குப் போய் அடுத்த கட்டு கேட்க வேண்டும். முக்கியமான விதி இன்னொன்று உண்டு. யார் பெயரில் அறையோ அவரே சாவியோடு கீழே வந்து கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். மேலே கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது.

“படி இறங்கி வரட்டும். அவ்வளவு வேணும்னா வருவான்” என்பார் முதலாளி.

விருந்தினர்கள் முணுமுணுத்தார்கள். நான் ஜோக் அடித்துச் சமாளித்தேன். மற்றபடி ஏற்பாடு ஓடியது. லைனும் மூச்சு விட்டது.

அந்த நாள் ஒரு கல்யாண நாள். கைபேசியில் நெட் போட்டால் ஒரு வீடியோ பார்ப்பதற்குள் காசு கரைந்துபோகிற காலம் அது. உடையார்பாளையத்திலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் முதல் மாடியையும் இரண்டாம் மாடியையும் முழுக்க எடுத்திருந்தார்கள். மண்டபம் துறையூர் ரோட்டில். முகூர்த்தம் விடிகாலையிலேயே முடிந்துவிட்டது. ஏழே முக்காலுக்கு எல்லோரும் அறைக்குத் திரும்பினார்கள். மதியச் சாப்பாட்டுக்கு வேன் பன்னிரண்டரைக்கு. அதுவரைக்கும் மூட்டை கட்டுவது, சேலை மாற்றுவது, போட்டோ அனுப்புவது. வந்ததுமே என் மேசையில் கூப்பனுக்கு வரிசை நின்றது. எட்டு மணிக்கெல்லாம் கையிலிருந்த கட்டில் ஒரே ஒரு கூப்பன்தான் மிச்சம்.

பத்தே காலுக்கு ஒரு பெண்ணும் அவருடைய அப்பாவும் வந்தார்கள். பெண்ணின் பெயர் எழிலரசி. திருமானூருக்கு அந்தப் பக்கம், கொள்ளிடக்கரை ஊர். தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அயர்லாந்தில் ஒரு மருத்துவமனைக்கு விண்ணப்பித்து, முதல் நேர்முகம் அன்றைக்கு, லேப்டாப்பில் முகம் பார்த்து. அங்கே அப்போது விடிகாலை; ராத்திரி வேலை முடிக்கிறவர்கள்தான் பேசுவார்களாம். ஊரில் சிக்னல் வரப்பில் நின்றால் வரும், வீட்டுக்குள் போனால் போய்விடும். அதற்காகவே ஒரு நாள் அறை எடுக்க வந்திருந்தார்கள். சத்தம் இல்லாத அறை வேண்டும் என்றார். மூன்றாம் மாடியில் 304 கொடுத்தேன். கடைசிக் கூப்பனையும் கொடுத்தேன்.

“ஒரு மணி நேரம் போதுங்களாம்மா?”

“அரை மணி நேரம்தான் சார் பேசுவாங்க.”

அப்பா கோவிந்தசாமி கீழேயே உட்கார்ந்துவிட்டார். கரும்பு விவசாயி. வெளுத்த சட்டையில் மடிப்பு கலையாமல் நாற்காலி நுனியில் இருந்தார். “நான் பக்கத்துல இருந்தா அதுக்குப் பேச்சு வராதாம். ஏதாச்சும்னா மிஸ்டு கால் குடுக்கும்” என்று கைபேசியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் சும்மா இருக்க முடியாமல் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“ஏந்தம்பி, ரூம்ல ஃபேன் ஓடுது, அதுக்குத் தனியாக் காசு கேக்கல. டிவி இருக்கு, கேக்கல. தண்ணி கேக்கல. இதுக்கு மட்டும் என்னங்க?”

“ஃபேனை நீங்க போட்டா பக்கத்து ரூம் ஃபேன் நிக்காதுங்க. இது அப்படி இல்ல. ஒரே வாய்க்கால். மேல்மடைக்காரர் முழுசாத் திறந்துட்டா கீழ வயலுக்கு ஈரம்கூட வராது.”

வாய்க்கால் என்றதும் அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. “அப்ப சரி” என்று தலையாட்டினார். ஒரு கரும்பு விவசாயியை ஒரே வாக்கியத்தில் மடக்கிவிட்டேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமை. அடுத்த அரை மணி நேரத்தில் அந்த மடையை நானே உடைக்கப்போகிறேன் என்று தெரியாத பெருமை.

பதினொன்றே காலுக்கு முதலாளி கல்யாணத்துக்குக் கிளம்பினார். முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுவதாகச் சொன்னார். பதினொன்றரைக்கு நான் கோவிந்தசாமியிடம் சாதாரணமாகக் கேட்டேன், “முடிஞ்சிருக்குமேங்க?”

“எங்கங்க, அவங்க இப்பத்தான் வந்தாங்களாம். பத்தே முக்காலுக்குன்னாங்க. நாப்பது நிமிஷம் காக்க வச்சிட்டாங்க. இப்பத்தான் ஆரம்பம்னு மிஸ்டு கால் வந்துச்சு. ஆரம்பிச்சா ஒரு மிஸ்டு கால், வம்புன்னா ரெண்டு.”

நான் மேசைக் கணினியைப் பார்த்தேன். அந்தப் பெண் கூப்பனை அடித்தது பத்து நாற்பதுக்கு. சோதித்துப் பார்க்க முன்கூட்டியே அடித்திருக்கிறார். சரியாகப் பதினொன்று நாற்பதுக்கு, அயர்லாந்துக்காரர் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போது, கத்தரித்த மாதிரி அறுந்துவிடும். புதுக் கூப்பன் கிடையாது. அடுத்த கட்டு முதலாளியின் அறையில், பூட்டிய அலமாரியில்.

முதலாளிக்குப் போன் போட்டேன். பின்னால் இருந்த அவருடைய அறைக்குள் மணி அடித்தது. பந்திக்குப் போகும்போது போன் எடுத்துப்போவது மரியாதை இல்லை என்று நினைக்கிறவர் அவர். நான் கையில் ரிசீவரை வைத்துக்கொண்டு, கதவுக்குள் அடிக்கிற மணியைக் கேட்டுக்கொண்டு, கோவிந்தசாமியைப் பார்த்து, “முதலாளி உள்ள இருக்காரு, உடம்பு மட்டும் மண்டபத்துல” என்றேன். அவர் சிரிக்கவில்லை. துணிகளை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போன ஷர்மிளா நின்றார். அவருக்கு என் ஜோக்கின் தரத்தை வைத்து ஆபத்தின் அளவு தெரியும்.

“என்னாச்சு சார்?”

சொன்னேன். சொல்லும்போதே எனக்கு ஒரு வழி தோன்றியது. லைன் மாட்ட வந்தவர் ஒருமுறை மேசைக் கணினியில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டியிருந்தார். “இந்தக் கட்டத்துல டிக் இருக்கு பாருங்க, இதை எடுத்துட்டாக் கூப்பனே தேவைப்படாது, எல்லாருக்கும் திறந்துடும். எடுத்துடாதீங்க.” நான் அவர் சொன்னதில் முன்பாதியை மட்டும் நினைவில் வைத்திருந்தேன்.

பதினொன்று முப்பத்தெட்டுக்கு டிக்கை எடுத்தேன். நாற்பது வந்தது, போனது. மிஸ்டு கால் வரவில்லை. நான் நாற்காலியில் சாய்ந்து, “பாத்தியா ஷர்மிளா, ஒரு விரல்” என்றேன். இன்றைக்கும் அவர் என்னைக் கிண்டல் செய்ய நினைத்தால் எதுவும் சொல்லமாட்டார், ஒரு விரலைக் காட்டுவார்.

நான்கு நிமிடம் நான் வீரனாக இருந்தேன்.

முதல் மாடியிலிருந்து ஒரு குரல் கேட்டது: “டேய், நெட் சும்மா வருதுடா.” இரண்டாம் மாடி அதைத் திருப்பிச் சொன்னது. கதவுகள் திறந்தன. விடிகாலையிலிருந்து எடுத்த தாலி கட்டுகிற வீடியோ, பந்தி வீடியோ, மாமாவின் ஆட்டம் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பின. யாரோ துபாயில் இருக்கும் மகனுக்கு மணப்பெண்ணை நேரலையில் காட்டிக்கொண்டிருந்தார்கள். மாடியிலிருந்து “தெரியுதா, இப்பத் தெரியுதா” என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

கோவிந்தசாமி எழுந்தார். “தம்பி, மிஸ்டு கால்.” கொஞ்சம் நிறுத்தி, “ரெண்டு” என்றார்.

என் நிலைமையைச் சொல்கிறேன். டிக்கை மறுபடி போட்டால் எல்லோரும் அறுந்துபோவார்கள், கூப்பன் முடிந்த எழிலரசியும் சேர்ந்து. போடாமல் விட்டால் லைன் நெரிபட்டு அவருடைய படம் அசையாது. முன்னால் போனாலும் அடி, பின்னால் போனாலும் அடி. இந்த நேரத்தில் ஒரு அனுபவஸ்தன் என்ன செய்வான்? நான் வரவேற்பறையின் ஃபேனை நிறுத்தினேன். விளக்கை அணைத்தேன். மீன் தொட்டியின் மோட்டாரை நிறுத்தினேன். இன்டர்நெட்டுக்கும் மீனுக்கும் என்ன தொடர்பு என்று ஷர்மிளா கேட்கவில்லை. மீன்கள் மட்டும் என்னைப் பார்த்தன.

பிறகு படியேறி ஓடினேன். முதல் மாடிக்குப் பத்தொன்பது படி. ஓடும்போது ஒரு பொய் தயார் செய்தேன். நடைவழியில் நின்று சத்தமாகச் சொன்னேன்:

“எல்லாரும் கவனிங்க, கரண்ட் ஏறி இறங்குது, நெட் ஓடுற போனெல்லாம் சூடாயிடும், உடனே ஆஃப் பண்ணுங்க.”

இதைவிட முட்டாள்தனமான பொய் உலகத்தில் கிடையாது. எல்லோரும் போனோடு வெளியே வந்தார்கள். ஒருவர்கூட அணைக்கவில்லை. போன் சூடாகிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு பேர் என்னை வீடியோ எடுத்து அனுப்பத் தொடங்கினார்கள். இருந்த கூட்டத்தோடு என் முகமும் அந்த லைனில் ஏறியது.

அப்போதுதான் மாப்பிள்ளையின் பெரியம்மா அறை வாசலுக்கு வந்தார். அறுபது வயதிருக்கும். பட்டுச் சேலை, தோளில் ஈரத்துண்டு, கையில் பாதி கட்டிய பழக்கூடை. அந்தக் கல்யாணத்தையே நடத்தியது அவர்தான் என்று காலையிலேயே எனக்குத் தெரியும். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏந்தம்பி, காலைல கதை கதையாச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வச்ச, இப்ப மூஞ்சி செத்துக் கெடக்கு. கரண்டுமில்ல ஒண்ணுமில்ல. என்ன விஷயம், நெசத்தைச் சொல்லு.”

எனக்கு ஜோக்கு ஒன்றும் வரவில்லை. என் வாழ்க்கையில் ஜோக்கு வராத பதற்றம் அது ஒன்றுதான். உள்ளதைச் சொன்னேன். மூன்றாம் மாடியில் ஒரு பொண்ணு, நர்ஸ் வேலை, அயர்லாந்து, இப்போது பேசிக்கொண்டிருக்கிறது, நம்மால் நின்றுவிட்டது.

“எந்த ஊருப் பொண்ணு?”

“திருமானூருக்கு அங்கிட்டுங்க.”

“அப்ப நம்ம பக்கம்தான்.” கூடையைக் கீழே வைத்தார். “எத்தனை நேரம் வேணும் அதுக்கு?”

“அரை மணி நேரம்ங்க.”

அவர் உள்ளே போனார். காலியாகத் திரும்பி வந்திருந்த வரிசைத் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். நிச்சயத்துக்குப் பழமும் பூவும் வைத்துப் போன பெரிய பித்தளைத் தட்டு. என் கையில் கொடுத்தார். “பின்னாடியே வா.” முதல் கதவைத் தட்டினார்.

“போனைப் போடு இதுல.”

“எதுக்குப் பெரியம்மா?”

“மேல ஒரு பொண்ணு பொழைப்புக்குப் பேசிக்கிட்டு இருக்கு. நீ தாலி கட்டுறதைத் திருப்பித் திருப்பி அனுப்பினா மறுபடியுமா கட்டப்போறான்? போடு.”

கதவு கதவாகப் போனோம். போடமாட்டேன் என்று சொன்னவர்கள் குறைவு. துபாய்க்குக் காட்டிக்கொண்டிருந்த சித்தப்பா மட்டும், “அண்ணி, பையன் லைன்ல இருக்கான்” என்றார். பெரியம்மா திரையைத் தன் பக்கம் திருப்பி, “சாமி, நல்லா இருக்கியா, சாப்புட்டியா, சாயங்காலம் பேசு” என்று சொல்லி அதையும் தட்டில் வைத்தார். மாப்பிள்ளை தன் போனைத் தானே கொண்டுவந்து கொடுத்தார். கல்யாணம் ஆன ஆறு மணி நேரத்தில் அவருக்குப் பணிவு வந்திருந்தது.

இரண்டாம் மாடியும் முடிந்தது. தட்டில் இருபத்தாறு கைபேசிகள். நான் பெருமூச்சு விட்டேன். ஷர்மிளா தட்டை எட்டிப் பார்த்தார்.

“சார், இதெல்லாம் இங்க இருந்தே போயிட்டுத்தானே இருக்கு?”

பார்த்தேன். தட்டில் இருந்த போன்களில் பாதி இன்னும் படம் அனுப்பிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு வேறு, எங்கள் மூவருக்கும் அணைக்கத் தெரியாது. பெரியம்மா ஒரு கணம்தான் யோசித்தார்.

“வெளிய எடுத்துட்டுப் போயிட்டா?”

“தெருமுனை வரைக்கும் போனா எட்டாதுங்க.”

“அப்ப கெளம்பு.”

போனைத் தனியாக அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. ஆகவே போனுக்குச் சொந்தக்காரர்களும் பின்னால் வந்தார்கள். முன்னால் பெரியம்மா, அடுத்து வரிசைத் தட்டோடு நான், எனக்குப் பின்னால் பட்டுச் சேலைகளும் பட்டு வேட்டிகளுமாக ஒரு கூட்டம். படி இறங்கி, வரவேற்பறை தாண்டி, பெரம்பலூர் வெயிலில் தெருவில் நடந்தோம். மேளம் ஒன்றுதான் குறை. எதிர்க் கடை டீ மாஸ்டர் டம்ளரைப் பாதி ஆற்றியபடியே பார்த்தார். தெருமுனையில் பிள்ளையார் கோவில். நிழல் அங்கேதான் இருந்தது. குருக்கள் தட்டைப் பார்த்ததும் எழுந்து வந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே கேட்டார்:

“அர்ச்சனை யார் பேருக்கு?”

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா, “எழிலரசின்னு சொல்லுங்க” என்றார். “நட்சத்திரம் தெரியாது. பரவால்ல, சாமிக்குத் தெரியும்.” அர்ச்சனை நடந்தது. இருபத்தாறு போனுக்கும் விபூதி கிடைத்தது.

அந்த நேரத்தில்தான், வாயில் பீடாவோடு, முதல் பந்தி முடித்து முதலாளி நடந்து வந்தார். என்னைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். ஒன்றும் கேட்காமல் மாட்டிக்கொண்டு ஓட்டலுக்குள் போய்விட்டார். நான் தட்டைப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு மேசைக்குத் திரும்பினேன்.

பன்னிரண்டரைக்கு எழிலரசி படி இறங்கி வந்தார். கோவிந்தசாமி எழுந்து நின்றார், கேட்கவில்லை. அவர் கேட்கமாட்டார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும்.

“இன்னொரு ரவுண்டு இருக்காம்ப்பா. மூணு வாரம் கழிச்சு.”

“நடுவுல நின்னுச்சே.”

“நின்னுச்சு. ஒரு ஏழெட்டு நிமிஷம். அவங்களுக்கு நான் தெரியறனா தெரியலையான்னு தெரியல. அதனால எதையும் தொடல. மூஞ்சியை மாத்தாம அப்படியே உக்காந்திருந்தேன். சீரியஸ் பேஷன்ட் முன்னாடி நிப்போம்ல, அது மாதிரி.” பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். “திரும்ப வந்ததும் அவங்க முதல்ல சொன்னதே, நீங்க பதறலையேன்னுதான் சார்.”

ஏழெட்டு நிமிடம். அந்த நேரத்தில் நான் மீன் தொட்டியை நிறுத்திக்கொண்டிருந்தேன். ஷர்மிளா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்புறம் முதலாளி அறை. எதிரில் உட்கார்ந்தேன். கண்ணாடியின் ஒரு பக்கம்.

“சொல்லுங்க.”

கூப்பன் தீர்ந்தது, டிக் எடுத்தது, தட்டு, கோவில் எல்லாம் சொன்னேன்.

“அப்புறம்?”

கரண்ட் பொய்யைச் சொன்னேன்.

“அப்புறம்?”

மீன் தொட்டியைச் சொன்னேன். அவர் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மாட்டிக்கொண்டால் கேள்வி வரும்.

“கட்டுல ஒண்ணுதான் மிச்சம்னு எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“எட்டு மணிக்குங்க.”

“நான் எப்பப் போனேன்?”

“பதினொண்ணே காலுக்குங்க.”

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. தேவையும் இல்லை. எட்டிலிருந்து பதினொன்றே கால் வரை, பத்து அடி தூரத்தில் இருந்த அந்தக் கதவைத் தட்டி இன்னொரு கட்டு கேட்க எனக்கு நேரம் இல்லாமல் இல்லை. கல்யாணக் கூட்டம் கேசரி கொடுத்தது, நான் கதை சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். நடுவில் இரண்டு முறை நினைவு வந்தது. போனால் “அதுக்குள்ள தீந்துபோச்சா, அப்புறம்?” என்பார் என்று நினைத்தேன். கொஞ்சம் கழித்துப் போகலாம் என்று இருந்துவிட்டேன். என் சின்னப் பயத்துக்கு அந்தப் பெண்ணின் அயர்லாந்தைப் பணயம் வைத்திருக்கிறேன் என்பது அந்த நாற்காலியில்தான் உறைத்தது. கோவிந்தசாமி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தது வேறு கண்ணுக்குள் வந்தது.

“தப்புங்க” என்றேன்.

“உம்” என்றார். பிறகு, “என் மேலயும் இருக்கு. காசு வாங்கினது தப்பில்ல. கீழ எறங்கி வந்து வாங்கச் சொன்னேன் பாருங்க, அது தப்பு. அந்தப் பொண்ணு பேச்சைப் பாதியில விட்டுட்டு எப்படி எறங்கும்?” என்றார்.

அவர் ஒரு விஷயத்தைத் தப்பு என்று ஒப்புக்கொண்டு நான் கேட்டது அந்த ஒருமுறைதான். திட்டு வாங்கியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கனமாக இருந்திருக்காது.

அந்த வாரமே கூப்பன் போனது. எல்லா அறைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, மெதுவாக, சும்மா. 304க்கு மட்டும் தனி லைன் ஒன்று. அதற்கு முதலாளி போட்ட விதி வேடிக்கையானது. வேடிக்கை பார்க்க வேண்டுமென்றால் காசு, வேலை இருக்கிறதென்றால் காசில்லை. “எப்படிங்க கண்டுபிடிக்கறது?” என்றேன். “கேளுங்க” என்றார். ஆகவே கேட்டேன். அதற்குப் பிறகு இத்தனை வருடமும், “என்ன வேலைங்க?” என்பதுதான் என் கேள்வி. குன்னத்திலிருந்து வந்த மக்காச்சோள வியாபாரி பயிர்க்காப்பீட்டு விண்ணப்பம் என்றார். ஒருவர் மகள் எழுதும் தேர்வு என்றார். ஒருவர், “பொண்டாட்டி குவைத்துல இருக்கா, சண்டை போடணும், நடுவுல கட்டாகக் கூடாது” என்றார். கொடுத்தேன். அதுவும் வேலைதான். பொய் சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் ஒரு மனிதன் முகத்துக்கு நேரே கேட்டால் படம் பார்ப்பதை வேலை என்று சொல்லக் கொஞ்சம் கூச்சப்படுகிறான். அந்தக் கூச்சம் எங்கள் லைனைக் காப்பாற்றியது.

மூன்று வாரம் கழித்து எழிலரசி மறுபடி வந்தார், கோவிந்தசாமியோடு. இந்த முறை முதலாளியே மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். சாவியை எடுத்து நீட்டினேன். அந்தப் பெண் வாங்கவில்லை.

“முதல்ல ஒண்ணு சொல்லுங்க சார். இன்னிக்குக் கல்யாணம் எதும் இருக்கா?”

முதலாளி சத்தமாகச் சிரித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். எழிலரசிக்கு வேலை கிடைத்தது. ஊருக்கு வந்துபோகும்போது ஒரு தடவை ஓட்டலுக்கு வந்து எனக்கு ஒரு சாக்லேட் டப்பா கொடுத்தார். பெரியம்மாவுக்கு இன்னொரு டப்பா. அதை உடையார்பாளையத்துக்கு நானே பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன். “எந்தப் பொண்ணு?” என்றார் பெரியம்மா. அவருக்கு மறந்தேபோய்விட்டது.

நேற்று ஷர்மிளாவைக் கூப்பிட்டேன்.

“காசு போடுறது உங்க இஷ்டம்மா. வேலைன்னு வர்றவங்ககிட்ட மட்டும் வாங்காதீங்க. அவங்களைக் கீழ எறக்காதீங்க. அப்புறம் முக்கியமா, கூப்பன் தீந்துபோச்சுன்னா எட்டு மணிக்கே போய்ச் சொல்லிடு.”

“சார், இப்பக் கூப்பனே கிடையாது.”

“தெரியும்மா. இருந்தாலும் சொல்லிடு.”